ராக்கெட்டைக் கடலில் இறக்குவது: புதூர்ப் பட்டறையில் அடிக்கடி கேட்கிற கேள்விகள்

மதுரை கே.புதூர்த் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். எனக்கு ராக்கெட் பைத்தியம் என்பது தெருவுக்கே தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர், பட்டறைப் பையன்கள், எதிர் டீக்கடை அண்ணன் எல்லோரும் கூடிவிடுவார்கள். போனில் ஒரு ராக்கெட், கடலில் மிதக்கிற மேடையில் வந்து நிற்கும். உடனே கேள்வி கிளம்பும். வாராவாரம் அதே கேள்விகள் வருவதால் எழுதியே வைத்துவிட்டேன். பேச்சு பெரும்பாலும் அமெரிக்காவின் ஸ்பேஸ்எக்ஸ் கம்பெனியுடைய ஃபால்கன் 9 ராக்கெட் பற்றித்தான். இந்த வேலையை நூற்றுக்கணக்கான முறை செய்து பழகியது அது ஒன்றுதான்.

இத்தனை நிலம் இருக்க, ஆடுகிற கடலில் எதுக்குண்ணே இறக்குறாங்க?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். வித்தை காட்டுவதற்காக என்று நினைக்கிறார்கள். இல்லை, எரிபொருள் கணக்கு.

ராக்கெட் மேலே போகிறது என்று சொல்கிறோம். மேலே போவது கொஞ்சம்தான். பக்கவாட்டில் ஓடுவதுதான் பெரிய வேலை. பூமியைச் சுற்ற வேண்டுமென்றால் மணிக்கு சுமார் 28,000 கி.மீ. வேகம் பக்கவாட்டில் வேண்டும். கிளம்பி இரண்டரை நிமிடத்தில் முதல் நிலை, அதாவது பூஸ்டர் என்கிற கீழ்ப்பாகம், கழன்றுகொள்கிறது. அப்போது உயரம் 65, 70 கி.மீ. கனமான செயற்கைக்கோளைச் சுமந்திருந்தால் வேகம் மணிக்கு சுமார் 8,000 கி.மீ. அதுவும் கடலைப் பார்த்து. என்ஜினை அணைத்தாலும் எறிந்த கல் மாதிரி போய்க்கொண்டேதான் இருக்கும். கிளம்பிய இடத்திலிருந்து 600 கி.மீ. தள்ளித்தான் விழும்.

மாட்டுத்தாவணியில் திருச்சி பஸ் ஏறி, மேலூரில் இறங்க வேண்டியவர் தூங்கிவிட்டார் என்று வையுங்கள். கொட்டாம்பட்டியில் முழிக்கிறார். கையில் திரும்பி வரக் காசு இல்லை. அங்கேயே இறங்கி ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்குவதுதான் புத்தி. கடலில் நிற்கிற மேடை, அந்தச் சொந்தக்காரர் வீடு. ராக்கெட் எங்கே விழப்போகிறதோ அங்கே முன்கூட்டியே போய்க் காத்திருக்கிறது.

சுமை குறைவாக இருந்தால் எரிபொருள் மிஞ்சும். அப்போது புறப்பட்ட கரைக்கே திரும்பி வந்து இறங்குவதும் உண்டு. 2015 டிசம்பரில் முதன்முதலில் வெற்றிகரமாக இறங்கியதே, ராக்கெட் கிளம்புகிற அமெரிக்கக் கடற்கரையான கேப் கனாவரல் தரையில்தான். ஆனால் தூரச் சுற்றுப்பாதைக்குப் போகிற கனமான செயற்கைக்கோள் என்றால் திரும்பி வருகிற பேச்சுக்கே இடமில்லை. கீழ்ப்பாகத்தைத் தூக்கிப்போட்டால் ஃபால்கன் 9 அந்தப் பாதைக்கு 8.3 டன் கொண்டுபோகும். மேடையில் இறக்கிக் காப்பாற்றினால் 5.5 டன். கடலில் இறக்கினாலே இவ்வளவு இழப்பு. கரைக்கே கொண்டுவந்தால் இன்னும் கூடுதல்.

அப்படியே தண்ணியில விழ விட்டு எடுத்துக்கலாமே?

எடுக்கலாம், எடுத்திருக்கிறார்கள். அமெரிக்க விண்கலமான ஷட்டிலின் பக்கத்து பூஸ்டர்கள் பாராசூட்டில் அட்லாண்டிக்கில் விழுந்து, கப்பல் இழுத்து வந்து, கழுவி, மறுபடி பயன்பட்டன. ஆனால் அவை தடித்த இரும்புக் குழாய்கள்; உள்ளே திட எரிபொருள். திரவ என்ஜின் அப்படி இல்லை. மெல்லிய குழாய்கள், நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று சுற்றுகிற டர்பைன், சென்சார்கள், வயர்கள். இதில் உப்புத்தண்ணீர் போனால் என்ன ஆகும் என்பதை ராமேஸ்வரத்தில் நிறுத்தி வைத்த பைக்கின் செயினைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2018 டிசம்பரில் ஒரு ஃபால்கன் பூஸ்டர், கரையில் இறங்க வேண்டியது, கட்டுப்பாடு கெட்டுப் பக்கத்துக் கடலில் நின்றபடியே இறங்கிச் சாய்ந்தது. முழுசாக இழுத்து வந்தார்கள். மறுபடி பறக்கவில்லை.

ராக்கெட்டின் மூக்குக் கூம்பு மட்டும் விதிவிலக்கு. அது வெறும் ஓடு. அதைக் கடலிலிருந்து பொறுக்கி எடுத்துப் பல முறை பயன்படுத்துகிறார்கள்.

அந்தக் கப்பல் எவ்வளவு பெருசு? நங்கூரம் போட்டிருப்பாங்களா?

தட்டையான ஒரு சரக்கு மிதவை. இரண்டு பக்கமும் இறக்கை வைத்து அகலப்படுத்தியிருக்கிறார்கள். நீளம் சுமார் 91 மீட்டர், அகலம் 52 மீட்டர். நம்ம வண்டியூர்த் தெப்பக்குளம் ஒரு பக்கம் 300 மீட்டர் இருக்கும். அதற்குள் இந்த மேடையைப் பத்துக்கு மேல் அடுக்கலாம். இறங்குகிற பூஸ்டரோ நாற்பது மீட்டருக்கு மேல் உயரம், 3.7 மீட்டர் தடிமன். கோயில் தெற்குக் கோபுரத்தைவிடக் கொஞ்சம் குட்டை. கால் நான்கையும் விரித்தால் சுமார் 18 மீட்டர் அகலம்.

நங்கூரம் கிடையாது. அந்த ஆழத்தில் போடவும் முடியாது. தைப்பூசத் தெப்பத்தில் மீனாட்சியும் சொக்கரும் நடுக்குளத்தில் சுற்றுகிறார்கள் என்றால், கரையிலிருந்து வடம் பிடித்து இழுக்க ஆள் இருக்கிறது. நடுக்கடலில் வடம் பிடிக்க யார்? மேடையின் நாலு மூலையிலும் எந்தப் பக்கமும் திரும்புகிற உந்திகள் இருக்கின்றன. ஜி.பி.எஸ். பார்த்துக்கொண்டே அவை காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் எதிராக இடைவிடாமல் தள்ளி, சில மீட்டருக்குள் மேடையை நிறுத்தி வைக்கின்றன. தண்ணீரில் மிதக்கிற தட்டையான பொருளைக் காற்று என்ன செய்யும் என்பது நம்ம பக்கத்து ஆட்களுக்கு நன்றாகத் தெரியும். 2017இல் வைகை அணையில் விட்ட தெர்மாகோல் அட்டைகள் கொஞ்ச நேரத்தில் கரை ஒதுங்கியதை நாடே பார்த்தது. இந்த உதாரணத்தைச் சொன்னால் பட்டறையில் சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆகிறது. ஆனால் பிரச்சினை அதேதான்.

இறங்குகிற நேரத்தில் மேடையில் ஒரு ஆள் இருக்க மாட்டார். துணைக்கப்பல் பல கி.மீ. தள்ளி நிற்கும். அதனால்தான் இதற்கு டிரோன்ஷிப் என்று பெயர். ஒரு மேடையின் பெயர் ‘ஆஃப் கோர்ஸ் ஐ ஸ்டில் லவ் யூ’. கப்பலுக்கு இப்படியும் பெயர் வைப்பார்களா என்று டீக்கடை அண்ணன் இன்னும் நம்பவில்லை.

ராக்கெட்டும் கப்பலும் பேசிக்குமா?

கூப்பிடு தூரத்தில் பேசிக்கொள்வது போல எதுவும் இல்லை. இரண்டுக்கும் ஒரே முகவரி கொடுத்திருக்கிறது: பூமியில் ஒரு புள்ளி. கப்பல் அந்தப் புள்ளியில் நிற்க வேண்டும், ராக்கெட் அந்தப் புள்ளிக்கு வர வேண்டும். ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமலே கல்யாணம் முடிகிற மாதிரி.

இன்னொரு சாமர்த்தியம் உண்டு. வருகிற பூஸ்டர் முதலில் மேடையைக் குறிவைப்பதில்லை, பக்கத்துத் தண்ணீரைத்தான் குறிவைக்கும். கடைசி என்ஜின் சரியாகப் பற்றிக்கொண்ட பிறகுதான் மேடைக்குத் திரும்பும். பற்றாவிட்டால் கடலோடு போகட்டும், மேடையாவது மிஞ்சும். 2018 பிப்ரவரியில், மூன்று பூஸ்டரைப் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்துக் கட்டிய ஃபால்கன் ஹெவியின் நடுப்பாகம் அப்படித்தான் போனது. என்ஜினைப் பற்றவைக்கிற திரவம் போதாமல் மூன்றில் இரண்டு என்ஜின் எரியவில்லை. மேடையிலிருந்து சுமார் 100 மீட்டர் தள்ளி, மணிக்கு 480 கி.மீ. வேகத்தில் தண்ணீரில் மோதியது. தெறித்த வேகத்தில் மேடையின் உந்திகள் அடிபட்டன. அவ்வளவோடு போயிற்று.

மெதுவா, ஹெலிகாப்டர் மாதிரி அந்தரத்துல நின்னு இறங்கலாமே?

இங்கேதான் விஷயமே இருக்கிறது.

கிளம்பும்போது ஒன்பது என்ஜின். இறங்கும்போது கடைசியில் எரிவது பெரும்பாலும் ஒன்றே ஒன்று. அந்த ஒன்றின் முழு உந்துவிசை சுமார் 86 டன் எடையைத் தூக்கும். காலியான பூஸ்டரின் எடை 25 டன்னுக்குப் பக்கம். என்ஜினை எவ்வளவு தணித்தாலும் அது தள்ளுகிற தள்ளு, பூஸ்டரின் எடையைவிட அதிகம். அதாவது என்ஜின் எரிகிறவரை அந்தரத்தில் நிற்க முடியாது. வேகம் குறைந்து, பூஜ்யமாகி, பிறகு மேலே கிளம்பிவிடும்.

ஆகவே ஒரே வழி: வேகம் பூஜ்யமாகிற கணமும் கால் தளத்தைத் தொடுகிற கணமும் ஒன்றாக இருக்க வேண்டும். முன்னாடியே பூஜ்யமானால் மேலே எழும்பும். என்ஜினை அணைத்தால் கீழே விழும். பின்னாடி ஆனால் மோதும். சறுக்கு மரத்தில் மேலிருந்து சறுக்கி வருகிறவன், கால் தரையைத் தொடும்போது வேகம் சரியாகத் தீர்ந்திருக்கும்படி மரத்தைப் பிடிப்பான் அல்லவா, அந்தக் கணக்கு. கடைசி எரிப்பு மொத்தமே அரை நிமிடம். ஆற அமரத் திருத்த நேரம் கிடையாது.

இந்த இடத்தில் பையன்களில் ஒருவனை எழுப்பி, விளக்குமாற்றைத் தலைகீழாக உள்ளங்கையில் நிறுத்தச் சொல்வேன். எல்லோரும் நிறுத்திவிடுவார்கள், கை அதுவாக ஓடி ஓடிச் சமாளிக்கும். பிறகு, “அப்படியே மெல்ல உட்காரு, தரையில இந்தச் சாக்பீஸ் வட்டத்துக்குள்ள கையை வை” என்பேன். பாதி உட்காரும்போதே விளக்குமாறு என் காபி டம்ளர் மேல் விழும். ஒரு தடவைகூட வட்டத்துக்குள் வந்ததில்லை. போன மாதம் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி கிட்டத்தட்டச் செய்துவிட்டாள். கரகம் ஆடுகிற வீடாம்.

அலை ஆடுமே, அதுக்கு என்ன பண்றாங்க?

மண்டபத்தில் ஒரு தடவை மீன்பிடிப் படகில் ஏறப்போனேன். படித்துறையில் நின்று கால் வைக்கப் போனால் படகு கீழே போகிறது, கால் அந்தரத்தில் தொங்குகிறது. அடுத்த தடவை படகு மேலே வந்து முழங்காலில் அறைந்தது. படகுக்காரர் சிரித்துக்கொண்டே, “அவசரப்படாதீக சார், அது மேல வந்து ஒரு நொடி நிக்கும், அப்பக் கால வைங்க” என்றார். அப்படியே செய்தேன், பூப்போல ஏறிவிட்டேன்.

ராக்கெட்டுக்கு அந்த ஒரு நொடி காத்திருக்கிற சலுகை இல்லை. தளம் மேலே வருகிற நேரமா, கீழே போகிற நேரமா என்பது அதன் அதிர்ஷ்டம். அந்த வித்தியாசத்தைத் தாங்குவது கால்கள்தான். காலுக்குள் தேன்கூடு மாதிரி அடுக்கிய அலுமினியம் வைத்திருக்கிறார்கள். அடி பலமாக விழுந்தால் அது நசுங்கி அதிர்ச்சியை விழுங்கிக்கொள்ளும். 2016 மே மாதம் ஒரு பூஸ்டர் கொஞ்சம் வேகமாக இறங்கி, ஒரு காலின் அலுமினியம் நசுங்கி, சாய்ந்த கோலத்திலேயே ஊர் வந்து சேர்ந்தது.

அலை ரொம்பப் பெரிதென்றால் மேடையைத் திருப்பி அழைப்பார்கள். 2015 பிப்ரவரியில் மூன்று மாடி உயர அலை. மேடை விலகிவிட்டது. பூஸ்டர் மட்டும் குறித்த புள்ளிக்கு 10 மீட்டருக்குள் வந்து, ஆள் இல்லாத தண்ணீரில் நேராக நின்று, பிறகு சாய்ந்து மூழ்கியது. இன்றைக்கும் கடல் சரியில்லை என்பதற்காக, நல்ல வெயிலில் நிற்கிற ராக்கெட்டின் பயணம் தள்ளிப்போவது உண்டு.

முதல் தடவையே சரியா இறங்கிருச்சா?

இல்லை. என் தொழிலில் இருக்கிறவர்களுக்குத்தான் இந்தப் பகுதி இனிக்கும். ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் தோற்கவில்லை, தோற்றதெல்லாம் பட்டறைச் சாமான்.

2015 ஜனவரி 10, முதல் முயற்சி. மேடையைக் கண்டுபிடித்து வந்துவிட்டது, அதுவே பெரிய அதிசயம். ஆனால் மேலே இருந்து திசை திருப்புகிற வலைத்துடுப்புகளை ஆட்டுகிற ஹைட்ராலிக் எண்ணெய் கடைசி நேரத்தில் தீர்ந்துவிட்டது. எண்ணெய் சுற்றித் திரும்புகிற அமைப்பு இல்லை, வேலை செய்துவிட்டு வெளியே போய்விடும். டேங்கில் கொஞ்சம் கூட ஊற்றியிருந்தால் நின்றிருக்கும். சாய்ந்து வந்து மேடையில் மோதிச் சிதறியது.

ஏப்ரல் 14. இந்த முறை என்ஜினின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற வால்வு இறுகிப் பிடித்துக்கொண்டு, சொன்ன பேச்சைத் தாமதமாகக் கேட்டது. கம்ப்யூட்டர் ‘குறை’ என்றால் கொஞ்சம் கழித்துத்தான் குறையும். அதற்குள் அது ‘கூட்டு’ என்றிருக்கும். பழைய மொபெட்டில் ஆக்சிலேட்டர் வயர் சிக்கினால் வண்டி திமிறுமே, அப்படித் திமிறி, இறங்கிய பின் கவிழ்ந்தது.

2016 ஜனவரி 17. இதைச் சொல்லும்போது எனக்கு வயிறு கலங்கும். மேடையின் நடுப்புள்ளியிலிருந்து 1.3 மீட்டர்தான் தள்ளி, அழகாக இறங்கியது. நான்கு காலில் ஒன்றின் பூட்டு, அதாவது காலெட், சரியாகக் கவ்வவில்லை. கிளம்பிய இடத்தில் கடும் பனிமூட்டம். ஈரம் உறைந்து ஐஸ் கட்டியிருக்கலாம் என்றார்கள். கால் மடங்கியது, ராக்கெட் சாய்ந்தது, வெடித்தது. காலெட் கவ்வாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பல வருஷம் முன்பு இதே பட்டறையில், லேத்தில் ராடைக் கவ்வுகிற காலெட்டில் உலோகச் சீவல் சிக்கியிருந்ததைப் பார்க்காமல் மெஷினைப் போட்டுவிட்டேன். ஒரு முழ நீள ராடு காதோரம் பறந்து போய்ச் சுவரில் குத்திக்கொண்டது. அந்தத் தழும்பைச் சுவரில் இன்னும் பூசாமல் வைத்திருக்கிறேன்.

மார்ச்சில் இன்னொரு தோல்வி. பிறகு 2016 ஏப்ரல் 8ஆம் தேதி, சர்வதேச விண்வெளி நிலையத்துக்குச் சரக்கு அனுப்பிய பயணத்தில், முதன்முறையாகக் கடல் மேடையில் ஒன்று நின்றது. அடுத்த வருடம் மார்ச் 30 அன்று அதே பூஸ்டர் மறுபடி பறந்து, மறுபடி கடலில் இறங்கியது. தரையும் கடலும் சேர்த்து இறங்கிய எண்ணிக்கை இப்போது 500ஐத் தாண்டிவிட்டது. ஒரே பூஸ்டர் 30 தடவைக்கு மேல் பறந்ததும் உண்டு.

இப்ப எல்லாம் தப்பே நடக்காதா?

நடக்கும். 2024 ஆகஸ்ட் 28 அன்று, 23ஆவது முறையாக இறங்கிய ஒரு பூஸ்டர் மேடையில் கால் முறிந்து தீப்பிடித்துச் சாய்ந்தது. 2025 மார்ச்சில் இன்னொன்று இறங்கிய பிறகு தீயில் போனது.

இறங்குன பிறகு நிம்மதிதானே?

கடலில் வேலையின் பாதிதான் அது. மீதி, கரைக்குக் கொண்டுவருவது. சில நாள் பயணம், நாற்பது மீட்டர்க் குழாய் நின்றுகொண்டே வர வேண்டும்.

ஒரு நல்ல விஷயம்: என்ஜின்கள் எல்லாம் அடியில், மேலே வெறும் காலி டேங்க். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை போல கனம் கீழே இருப்பதால் லேசில் கவிழாது. ஆனால் கால்கள் இரும்புத் தளத்தில் சும்மா நிற்கின்றன. மேடை சாய்ந்தால் வழுக்கும். ஆரம்பத்தில் ஆட்கள் ஏறிச் சங்கிலி போட்டுக் கட்டினார்கள். ஆக்சிஜன் மிச்சம் இருக்கிற, ஆடுகிற ராக்கெட்டுக்குக் கீழே மனுஷன் போவது நல்லதில்லை. 2017இலிருந்து ஆக்டாகிராபர் என்ற தட்டையான இயந்திரம் ஊர்ந்து போய் அடியில் பிடித்துக்கொள்கிறது.

அதுவும் எல்லாவற்றையும் காப்பாற்றவில்லை. 2019 ஏப்ரலில் ஃபால்கன் ஹெவியின் நடுப்பாகம் ஒழுங்காக இறங்கியது. அந்த இயந்திரத்தின் பிடி இந்த வகைக்குப் பொருந்தாது. வழியில் கடல் கொந்தளித்துச் சாய்த்துவிட்டது. 2023 கிறிஸ்துமஸ் சமயத்தில் போனதுதான் எனக்குத் தனி வருத்தம். 2020 மே மாதம் ஸ்பேஸ்எக்ஸ் முதன்முதலாக வீரர்களை ஏற்றி அனுப்பிய பூஸ்டர் அது. 19 தடவை பறந்து, 19 தடவையும் இறங்கி, கடைசியில் ஊர் திரும்புகிற வழியில் காற்றிலும் அலையிலும் கவிழ்ந்தது. பாதி உடைந்த உடம்பு துறைமுகத்துக்கு வந்த படத்தைப் பார்த்துவிட்டு, அன்றைக்கு நான் மெஷின் போடவில்லை.

இறங்குற நேரத்துல வீடியோ ஏன் கட்டாகுது? கிராஃபிக்ஸா?

கிராஃபிக்ஸ் இல்லை. மேடையிலிருந்து படம் செயற்கைக்கோள் வழியாகப் போகிறது. ராக்கெட் நெருங்கும்போது தளம் அதிர்கிறது, ஆன்டெனா குறி தப்புகிறது. நம்ம வீட்டு மாடி டிஷ்ஷை ஒருவன் பிடித்து உலுக்கினால் சீரியல் நிற்காதா? இப்போது முன்னைவிட எவ்வளவோ பரவாயில்லை.

வேற யாராவது செஞ்சிருக்காங்களா?

ப்ளூ ஆரிஜின், இன்னொரு அமெரிக்க ராக்கெட் கம்பெனி. அவர்களுடைய நியூ க்ளென் ராக்கெட் 7 மீட்டர் தடிமன். ஃபால்கன் அதன் பக்கத்தில் அகர்பத்தி. 2025 ஜனவரியில் முதல் பயணத்தில் பூஸ்டர் போய்விட்டது. இரண்டாவது பயணத்திலேயே, 2025 நவம்பர் 13 அன்று, ஜாக்லின் என்ற மிதவையில் நின்றது. முன்பு ஓடுகிற கப்பலில் இறக்கலாம் என்று பழைய கப்பல் ஒன்றை வாங்கி வைத்திருந்தார்கள், பிறகு கைவிட்டார்கள்.

இஸ்ரோ எப்ப?

2016 மே 23 அன்று இறக்கை வைத்த சோதனை விமானம் ஒன்றை மேலே அனுப்பி, வங்கக்கடலில் சுமார் 450 கி.மீ. தொலைவில் இறக்கிப் பார்த்தார்கள். பிறகு புஷ்பக் என்கிற இறக்கை வாகனத்தை 2023இல் ஒரு முறையும் 2024இல் இரண்டு முறையும், ஹெலிகாப்டரில் தூக்கிப்போய் விட்டு, கர்நாடகாவின் சித்ரதுர்கா பக்கம் ஓடுதளத்தில் தானாக இறங்க வைத்தார்கள். மூன்று முறையும் வெற்றி. ஆனால் அது விமானம் மாதிரி இறங்குவது, நின்றபடி இறங்குவது வேறு வித்தை.

அதற்குப் போடுகிற விதை நம்ம பக்கத்தில்தான் இருக்கிறது. நாகர்கோவில் பஸ்ஸில் போகும்போது மேற்கே தெரிகிற மலையடிவாரத்தில், மகேந்திரகிரியில், 2025 ஜனவரியில் இஸ்ரோவின் திரவ எரிபொருள் என்ஜினான விகாஸை எரித்து, நிறுத்தி, இரண்டு நிமிடம் விட்டு மறுபடி பற்றவைத்துக் காட்டினார்கள். சின்னச் செய்தியாக வந்து போனது. அணைத்த என்ஜினைப் பறக்கும்போதே மறுபடி ஏற்றத் தெரியாமல் எந்த ராக்கெட்டும் திரும்பி வராது. முதல் நிலையைத் திரும்பப் பயன்படுத்துகிற புதிய தலைமுறை ராக்கெட்டுக்கு 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 8,240 கோடி ரூபாய் ஒதுக்கியது. தாழ்வான பாதைக்கு 30 டன் தூக்குவது இலக்கு.

குலசேகரன்பட்டினத்துல இருந்து கிளம்புறது திரும்பி வருமா? மதுரையில இருந்து தெரியுமா?

திரும்பாது. 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டிய அந்தத் தளம், எஸ்.எஸ்.எல்.வி. என்கிற சின்ன ராக்கெட்டுக்கு. அதன் மூன்று நிலைகளும் திட எரிபொருள். புஸ்வாணத்தைப் பற்றவைத்துவிட்டு நடுவில் நிறுத்து, மறுபடி எரி, கொஞ்சம் தணி என்றால் கேட்குமா?

தெரியுமா என்றால், கணக்குப்படி தெரிய வேண்டும். குலசை நமக்கு ஏறக்குறைய நேர் தெற்கு, நேர்கோட்டில் சுமார் 170 கி.மீ. பூமியின் வளைவு மறைப்பது முதல் இரண்டு, மூன்று கி.மீ. உயரத்தைத்தான். அதற்கு மேல் ஏறினால் அடிவானத்துக்கு மேலே வந்துவிடும். ஐம்பது, அறுபது கி.மீ. ஏறியபிறகும் நமக்குத் தாழ்வாகத்தான் தெரியும். கையை நீட்டி முஷ்டியைப் பிடித்தால் ஒன்றரை முஷ்டி உயரம். மேகம் இருக்கக் கூடாது, பக்கத்து அடுக்குமாடி மறைக்கக் கூடாது. டீக்கடை அண்ணனின் மாடி தெற்கே திறந்து கிடக்கிறது. சாவியை இப்போதே கேட்டு வைத்திருக்கிறோம்.